வெளிநாட்டோடு ஒப்பந்தம் போட டெல்லி யாரைக் கேட்க வேண்டும்?

தேர்தல் நெருங்கினால் கச்சத்தீவு செய்திக்கு வந்துவிடும். 2024 மக்களவைத் தேர்தலுக்கு முன்பு பிரதமரே அதைப் பற்றிப் பேசினார். 2025 ஏப்ரல் 2 அன்று தீவை மீட்கச் சொல்லித் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. அதே மாதம் 23ஆம் தேதி, பஹல்காம் தாக்குதலுக்கு மறுநாள், பாகிஸ்தானுடன் 1960இல் போட்ட சிந்து நதிநீர் ஒப்பந்தத்தை இந்தியா நிறுத்திவைத்தது. அதற்கு எந்த அவையிலும் ஓட்டெடுப்பு நடக்கவில்லை. பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு கூடியது, முடிவெடுத்தது, அறிவித்தது. அவ்வளவுதான்.

இரண்டு செய்திகளையும் சேர்த்துப் படித்தவருக்குக் கேள்விகள் வருவது நியாயமே. அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய ஒப்பந்தத்தை ஒரே மாலையில் நிறுத்த முடிகிறதென்றால், கச்சத்தீவை இலங்கைப் பக்கம் விட்ட 1974 ஒப்பந்தத்தை ஏன் கிழித்துப் போட முடியாது? நாடாளுமன்றத்தைக் கேட்காமல் செய்த ஒப்பந்தம் முதலில் செல்லுமா? தன் கரைக்குப் பக்கத்தில் நடப்பதைப் பற்றி ஒரு மாநில அரசுக்கு எந்த அதிகாரமும் இல்லையா? இவற்றுக்குத் தனித்தனியே பதில் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். வெளிநாட்டு ஒப்பந்தம் செய்யும் அதிகாரம் இந்திய அரசமைப்பில் எங்கே இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நான்கு இடங்களில் சிதறிக் கிடக்கும் அதிகாரம்

நம் அரசமைப்புச் சட்டத்தில் வெளியுறவுக்கென்று தனி அத்தியாயம் கிடையாது. நான்கு இடங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

1. ஏழாவது அட்டவணையின் ஒன்றியப் பட்டியல். அதன் 10ஆவது இனம் வெளிவிவகாரம் முழுவதையும் ஒன்றியத்திடம் கொடுக்கிறது. 14ஆவது இனம், வெளிநாடுகளோடு ஒப்பந்தம் செய்வதையும் அதை நிறைவேற்றுவதையும் குறிப்பாகவே சொல்கிறது. பட்டியலில் ஒரு விஷயம் இருந்தால் அதைப் பற்றிச் சட்டம் இயற்றும் உரிமை நாடாளுமன்றத்துக்கு உண்டு என்று பொருள்.

2. பிரிவு 73. நாடாளுமன்றம் எதைப் பற்றியெல்லாம் சட்டம் இயற்றலாமோ, அவ்வளவு தூரத்துக்கும் ஒன்றிய அரசின் நிர்வாக அதிகாரம் போகும். அந்தச் சட்டம் இன்னும் இயற்றப்படவில்லை என்றாலும் போகும்.

3. பிரிவு 253. ஒரு ஒப்பந்தத்தையோ சர்வதேச மாநாட்டு முடிவையோ நிறைவேற்ற நாடாளுமன்றம் நாடு முழுமைக்கும் சட்டம் செய்யலாம். விஷயம் மாநிலப் பட்டியலில் இருந்தாலும் தடையில்லை.

4. பிரிவு 51. சர்வதேசச் சட்டத்தையும் ஒப்பந்தக் கடமைகளையும் மதிக்க அரசு முயல வேண்டும் என்கிறது. இது வழிகாட்டு நெறி மட்டுமே. இதைக் காட்டி யாரும் வழக்கில் வென்றுவிட முடியாது.

முதல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒப்பந்தம் செய்வதற்கான நடைமுறை என்ன, யாரைக் கேட்க வேண்டும், எப்போது அவையில் வைக்க வேண்டும் என்று நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டிருக்கலாம். இன்று வரை போடவில்லை. சட்டம் இல்லாத இடத்தில் பிரிவு 73 முழு அதிகாரத்தையும் அரசிடம் விட்டுவிடுகிறது. எனவே அமைச்சரவை ஒப்புக்கொண்டால் ஒப்பந்தம் ஆகிவிட்டது. குடியரசுத் தலைவரின் பெயரில் ஆவணம் போகும்.

1994 ஏப்ரலில் மொராக்கோவின் மராகேஷ் நகரில் உலக வர்த்தக அமைப்பை உருவாக்கிய ஒப்பந்தத்தில் இந்தியா இப்படித்தான் கையெழுத்திட்டது. விவசாய மானியம் முதல் மருந்துக் காப்புரிமை வரை தொடும் ஒப்பந்தம் அது. அமெரிக்காவுடனான அணுசக்தி உடன்பாடும் இதே வழிதான். 2008 ஜூலை 22 அன்று மக்களவையில் நடந்த பரபரப்பான ஓட்டெடுப்பைப் பலர் உடன்பாட்டின் மீதான ஓட்டெடுப்பு என்று நினைவில் வைத்திருக்கிறார்கள். அது மன்மோகன் சிங் அரசின் மீதான நம்பிக்கைத் தீர்மானம். 275க்கு 256 என்று அரசு பிழைத்தது. உடன்பாட்டை ஏற்கலாமா என்று இங்கே யாரும் ஓட்டுப் போடவில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தில் போட்டார்கள்.

கையெழுத்து, ஏற்புறுதி, சட்டம்

இந்த மூன்றும் வெவ்வேறு படிகள். செய்திகளில் மூன்றையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள்.

கையெழுத்து என்பது உடன்பாட்டின் வாசகத்தை ஏற்றதற்கு அடையாளம். ஏற்புறுதி என்பது "இனி இது எங்களைக் கட்டுப்படுத்தும்" என்று முறைப்படி அறிவிப்பது. பல தரப்பு ஒப்பந்தங்களில் இரண்டுக்கும் இடையே பல ஆண்டுகள் ஓடிவிடும். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997 அக்டோபரில் கையெழுத்திட்டது. ஏற்புறுதி தரவில்லை. அதற்குத் தோதாக 2010இல் ஒரு மசோதா மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையில் தேர்வுக் குழுவுக்குப் போய், பிறகு காலாவதியானது.

மூன்றாவது படிதான் நம் வீட்டு விவகாரம். இந்தியாவில் ஏற்புறுதி தந்த ஒப்பந்தம்கூடத் தானாக உள்நாட்டுச் சட்டம் ஆகிவிடாது. அரசுக்கும் இன்னொரு அரசுக்கும் இடையில் அது செல்லும். ஒரு குடிமகனுக்கும் அரசுக்கும் இடையில் செல்ல வேண்டுமென்றால் சட்டமோ, சட்டத்தின்கீழ் ஓர் அறிவிக்கையோ வேண்டும். கடன் கட்ட முடியாதவரைச் சிறையில் போடக் கூடாது என்ற சர்வதேச உடன்படிக்கையைக் காட்டி 1980இல் வாதாடியபோது, உள்நாட்டுச் சட்டம் மாறாதவரை நீதிமன்றம் உள்நாட்டுச் சட்டத்தையே பார்க்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. உள்நாட்டுச் சட்டத்தையே உடன்படிக்கையின் நோக்கத்துக்கு இசைவாகப் படித்து அந்தக் கடனாளிகளைக் காப்பாற்றியது என்பது வேறு கதை. பணியிடப் பாலியல் தொல்லை பற்றிய 1997 விசாகா வழக்கில் சட்டமே இல்லாத இடைவெளியை நிரப்ப ஐ.நா. உடன்படிக்கையைப் பயன்படுத்தியது. இடைவெளி இருந்தால் உடன்படிக்கை உள்ளே வரும், எதிர்ச் சட்டம் இருந்தால் வராது என்று எளிமையாக நினைவில் வைக்கலாம்.

சென்னையிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. ரத்தப் புற்றுநோய் மருந்தான கிளிவெக்குக்குக் காப்புரிமை கேட்ட நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் நிராகரித்தது. பழைய மருந்தில் சிறு மாற்றம் செய்து புதுக் காப்புரிமை வாங்குவதைத் தடுக்கும் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தத்துக்கு முரணானது என்று நிறுவனம் வழக்குப் போட்டது. ஒப்பந்தத்துக்கு முரணா இல்லையா என்பதைச் சொல்லும் இடம் இதுவல்ல, அதற்கு அந்த அமைப்பிலேயே தகராறு தீர்க்கும் வழி இருக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2007 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. 3(டி) பிழைத்தது. மலிவு விலை மருந்தும் பிழைத்தது.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. இரட்டை வரிவிதிப்புத் தவிர்ப்பு ஒப்பந்தங்களில் உள்ள மிகச் சலுகை நாடு என்ற விதி (இன்னொரு நாட்டுக்குப் பின்னால் கூடுதல் சலுகை தந்தால் அது இந்த நாட்டுக்கும் உண்டு என்பது), வருமான வரிச் சட்டத்தின்கீழ் தனியாக அறிவிக்கை வெளியிடாமல் தானாகப் பலன் தராது என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் சட்டப்படி சரியான தீர்ப்புதான். ஆனால் சுவிட்சர்லாந்து அதைக் காரணம் காட்டி, 2025 ஜனவரி 1 முதல் இந்திய நிறுவனங்களுக்கு அந்த விதியின் சலுகையை நிறுத்திவிட்டது.

நாடாளுமன்றம் கட்டாயமாக வரும் இரண்டு வாசல்கள்

அப்படியானால் நாடாளுமன்றத்தைக் கேட்டே ஆக வேண்டிய சந்தர்ப்பம் எது? இரண்டுதான்.

ஒன்று, ஒப்பந்தத்தை நிறைவேற்ற உள்நாட்டுச் சட்டத்தை மாற்ற வேண்டும், அல்லது குடிமக்களின் உரிமையில் கைவைக்க வேண்டும் என்றால். 1972 ஸ்டாக்ஹோம் மாநாட்டுக்குப் பிறகு வந்த 1981ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டமும், 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் இந்த வாசல் வழியாக வந்தவை.

இரண்டு, இந்திய மண்ணை இன்னொரு நாட்டுக்குக் கொடுப்பதென்றால். இதற்குச் சாதாரணச் சட்டம்கூடப் போதாது, அரசமைப்புத் திருத்தமே வேண்டும். மண்ணைப் பெறுவதற்கு இந்தக் கெடுபிடி கிடையாது. புதிதாகச் சேரும் பகுதி பிரிவு 1இன்படியே இந்தியாவின் பகுதியாகிவிடும்.

இரண்டாவது வாசல்தான் கச்சத்தீவு வரைக்கும் நம்மைக் கொண்டுபோகும். இந்த விதியை உண்டாக்கியது வங்காளத்தின் வடக்கே இருக்கும் ஒரு சின்னப் பகுதி.

பெருபாரி

ஜல்பாய்குரி மாவட்டத்தில் பெருபாரி யூனியன் எண் 12 என்றொரு பகுதி. பரப்பு சுமார் 9 சதுர மைல். 1947 பிரிவினையின்போது எல்லையை வகுத்த பிரிட்டிஷ்காரர் ராட்கிளிஃப் எழுதிய வாசகத்தில் இருந்த ஒரு தெளிவின்மையால், இது எங்களுடையது என்று பாகிஸ்தான் பிறகு உரிமை கோரியது. நடைமுறையில் அது இந்தியாவின் கையில், மேற்கு வங்கத்தின் பகுதியாகவே இருந்தது. 1958 செப்டம்பரில் நேருவும் பாகிஸ்தான் பிரதமர் ஃபிரோஸ் கான் நூனும் உட்கார்ந்து பேசி, ஆளுக்குப் பாதி என்று முடித்துக்கொண்டார்கள்.

மேற்கு வங்கத்தில் எதிர்ப்பு கிளம்பியது. அமைச்சரவை முடிவு மட்டும் போதுமா, சட்டம் வேண்டுமா, அரசமைப்புத் திருத்தம் வேண்டுமா என்று குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். ஒன்றிய அரசு வைத்த வாதத்தைக் கவனிக்க வேண்டும். "நாங்கள் மண் எதையும் கொடுக்கவில்லை. தெளிவில்லாத எல்லையைத் தெளிவாக்குகிறோம். அதற்கு நிர்வாக அதிகாரமே போதும்" என்பதே அதன் சாரம்.

1960 மார்ச்சில் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எல்லையைத் தெளிவாக்குவது என்றால் ராட்கிளிஃப் தீர்ப்பின் பொருள் என்ன என்று பார்த்திருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் முழுப் பகுதியும் ஒருவருக்குத்தான் சேரும். ஆளுக்குப் பாதி என்பது பேரம், ஆகவே இது நிலக்கொடை என்றது. மாநில எல்லைகளை மாற்றும் பிரிவு 3இன்கீழ் சட்டம் போட்டு இதைச் செய்ய முடியாது, பிரிவு 368இன்படி திருத்தம் வேண்டும் என்றும் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் 9ஆவது திருத்தம் நிறைவேறியது.

திருத்தம் நிறைவேறியும் பெருபாரி கைமாறவில்லை. வழக்குகள் இழுத்தன, 1971 போர் வந்தது, எதிர்த்தரப்பு பாகிஸ்தானிலிருந்து வங்கதேசமாக மாறியது. 1974 மே மாதம் இந்திராவும் வங்கதேசப் பிரதமர் முஜிபும் செய்த ஒப்பந்தத்தில் தெற்குப் பெருபாரியை இந்தியாவே வைத்துக்கொண்டது. பதிலுக்கு தஹாகிராம், அங்கர்போதா என்ற இரண்டு பகுதிகளை வங்கதேசம் வைத்துக்கொள்ள, அவற்றுக்குப் போய்வர தீன் பிகா என்ற சிறு பாதை குத்தகைக்குத் தரப்பட்டது. அந்த ஒப்பந்தத்துக்கு வங்கதேசம் அதே ஆண்டில் ஏற்புறுதி தந்துவிட்டது. இந்தியாவுக்கு அதற்குத் தேவைப்பட்ட அரசமைப்புத் திருத்தம், அதாவது 100ஆவது திருத்தம், 2015 மே மாதம்தான் நிறைவேறியது. ஜூலை 31 நள்ளிரவில், அடுத்த நாட்டு நிலத்துக்குள் தீவுபோல மாட்டிக்கொண்டிருந்த இந்தியாவின் 111 திட்டுகள் வங்கதேசத்துக்கும், அதன் 51 திட்டுகள் இந்தியாவுக்கும் மாறின. இடைப்பட்ட 41 ஆண்டுகளில் அந்தத் திட்டுகளில் இருந்தவர்களுக்கு ஓட்டும் இல்லை, மின்சாரமும் இல்லை, புகார் கொடுக்கக் காவல் நிலையமும் இல்லை. நடைமுறை விதி என்றால் வெறும் காகித வேலை என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். அந்தத் தாமதத்துக்கு விதி மட்டும் காரணமல்ல, அரசியல் விருப்பமின்மையும் சம அளவு காரணம்.

கட்ச்: அதே வாதம், வேறு முடிவு

1965இல் கட்ச் சதுப்பு வெளியில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதின. விஷயம் மூவர் கொண்ட சர்வதேசத் தீர்ப்பாயத்துக்குப் போனது. 1968 பிப்ரவரியில் வந்த முடிவில் தகராறில் இருந்த நிலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பாகிஸ்தானுக்குப் போனது. பெருபாரியைக் காட்டி, இதற்கும் அரசமைப்புத் திருத்தம் வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள்.

1969இல் உச்ச நீதிமன்றம் வேண்டாம் என்றது. எல்லை எங்கே என்பதே உண்மையில் தகராறாக இருந்தது, நடுவர் தீர்ப்பு அதைக் கண்டறிந்தது, அந்த நிலம் இந்தியாவின் பகுதியாக இருந்து பிறகு கொடுக்கப்படவில்லை என்பது காரணம். தீன் பிகா வழக்கிலும் 1990இல் இதே பாணியில், குத்தகை என்பது இறையாண்மையைக் கொடுப்பது ஆகாது, திருத்தம் வேண்டாம் என்று தீர்ப்பு வந்தது.

ஆக எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: கொடுத்தது நம் நிலமா, அல்லது யாருடையது என்று முடிவாகாத நிலமா? முதலாவது என்றால் நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். இரண்டாவது என்றால் பிரதமரின் கையெழுத்தே போதும். இவ்வளவு பெரிய வித்தியாசம் ஒரு வகைப்பாட்டில் தொங்குவதால், எந்த அரசும் எப்போதும் இரண்டாவதைத்தான் சொல்லும்.

கச்சத்தீவு எந்த வகை?

285 ஏக்கர். குடியிருப்பு கிடையாது, குடிநீர் கிடையாது. ஓர் அந்தோணியார் கோயில் உண்டு. 1974 ஜூன் மாத இறுதியில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், பாக் நீரிணையில் கடல் எல்லைக் கோடு ஒன்றைப் போட்டது. கோட்டுக்கு அந்தப் பக்கம் தீவு போனது. "கச்சத்தீவை இந்தியா இலங்கைக்குக் கொடுக்கிறது" என்ற வாசகம் அதில் இல்லை. கோடுதான் இருக்கிறது.

ஒன்றிய அரசின் நிலைப்பாடு, எந்தக் கட்சி ஆண்டபோதும், நீதிமன்றத்தில் பெரிதாக மாறவில்லை. தீவின் உரிமை 1921லிருந்தே பேச்சில் இருந்த தகராறு, எல்லை வரையறுக்கப்பட்டிருக்கவில்லை, ஆகவே இந்திய மண் எதுவும் கொடுக்கப்படவில்லை. கட்ச் வகை என்கிறது.

தமிழ்நாட்டின் வாதம், இது பெருபாரி வகை என்பது. தீவு ராமநாதபுரம் ஜமீனைச் சேர்ந்தது, சேதுபதிகள் அதைக் குத்தகைக்கு விட்ட ஆவணங்கள் உண்டு, ஜமீன் ஒழிப்புக்குப் பிறகு அது சென்னை மாகாணத்துக்கு வந்தது, ஆகவே அது இந்திய நிலம். 2008இல் ஜெயலலிதாவும் 2013இல் கருணாநிதியும் இந்த அடிப்படையில் உச்ச நீதிமன்றம் போனார்கள். இரண்டு வாதங்களில் எது சரி என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லவில்லை. என் கணிப்பில் ஜமீன் ஆவணங்கள் வலுவானவை, ஆனால் அவை சொத்துரிமையைத்தான் நேரடியாகக் காட்டுகின்றன. இறையாண்மை வேறு விஷயம். 1921லேயே இரு அரசுகளும் இதைப் பற்றிப் பேசியிருப்பது, தகராறு இருந்தது என்ற ஒன்றிய அரசின் வாதத்துக்குப் பலம் தருகிறது.

மீனவர்களுக்கு இதைவிட முக்கியமானது 1976. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 1974 ஒப்பந்தத்தின் 5ஆவது விதி இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் விசா இல்லாமல் கச்சத்தீவுக்குப் போய்வரலாம் என்றது. 6ஆவது விதி இரு நாட்டுப் படகுகளும் மரபாக அனுபவித்த உரிமைகளைத் தொடரலாம் என்றது. இதில் மீன்பிடிப்பும் அடங்கும் என்றே அன்றைய வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் நாடாளுமன்றத்தில் விளக்கினார். 1976 மார்ச் 23 அன்று மன்னார் வளைகுடா எல்லைக்கான ஒப்பந்தம் வந்தது. அதனோடு இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்கள் கடிதங்களைப் பரிமாறிக்கொண்டார்கள். ஒரு நாட்டின் மீனவர்கள் இன்னொரு நாட்டின் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்பது அந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது.

அதிகாரிகள் எழுதிக்கொண்ட கடிதம் ஒப்பந்தமாகுமா? ஆகும். சர்வதேசச் சட்டத்தில் தலைப்பு முக்கியமல்ல. ஒப்பந்தம், உடன்படிக்கை, கடிதப் பரிமாற்றம் எல்லாவற்றுக்கும் கட்டுப்படும் நோக்கம் இருந்தால் ஒரே மதிப்புதான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் கருணாநிதி அரசு கலைக்கப்பட்டது 1976 ஜனவரி 31. கடிதம் மார்ச் 23. நாட்டில் நெருக்கடி நிலை. 1974 ஆகஸ்டில் எதிர்த்துத் தீர்மானம் போட்ட மாநிலத்தில், 1976இல் கேட்பதற்குச் சட்டமன்றமே இல்லை. அந்தப் பேச்சில் இந்தியாவுக்குக் கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள மீன்வளம் மிக்க வாட்ஜ் பேங்க் கடற்பகுதி கிடைத்தது என்பதும் உண்மை. அங்கே இலங்கைப் படகுகள் மூன்றாண்டு மட்டும் உரிமத்தோடு மீன் பிடித்து வெளியேறின.

சரி, ரத்து செய்ய முடியாதா?

சிந்து ஒப்பந்தத்தையும் இதையும் ஒப்பிடுவதில் ஒரு தவறு இருக்கிறது. சிந்து ஒப்பந்தம் தொடர்ந்து செய்ய வேண்டிய கடமைகளின் தொகுப்பு. தண்ணீர் விட வேண்டும், தகவல் தர வேண்டும், ஆணையர்கள் கூட வேண்டும். செய்வதை நிறுத்தினால் ஒப்பந்தம் நடைமுறையில் நின்றுபோகும். அதுவும் சர்ச்சைக்குரியதே. ஒருதலையாக நிறுத்திவைக்கும் விதி அந்த ஒப்பந்தத்தில் இல்லை என்று பாகிஸ்தான் வாதிடுகிறது. எல்லை ஒப்பந்தமோ கோடு போட்டதோடு முடிந்துவிடுகிறது. நிறுத்துவதற்கு அதில் அன்றாடக் கடமை எதுவும் இல்லை.

சூழ்நிலை அடியோடு மாறிவிட்டால் ஒப்பந்தத்தை விட்டு விலகலாம் என்று ஒரு கோட்பாடு உண்டு. ஒப்பந்தங்கள் பற்றிய 1969ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை, எல்லை ஒப்பந்தங்களுக்கு அது பொருந்தாது என்று தனியாகவே விலக்கியிருக்கிறது. இந்தியா அந்த உடன்படிக்கையில் சேரவில்லை. ஆனால் அதன் பல விதிகள் நாடுகள் பொதுவாக ஏற்கும் வழக்காகிவிட்டவை. தவிர, எல்லைகள் நினைத்தபோது மாறக் கூடாது என்பதில் இந்தியாவுக்கே மற்ற பக்கங்களில் பெரிய அக்கறை இருக்கிறது.

அரசமைப்புக்கு முரணாகச் செய்தோம் என்று சொல்லித் தப்பிக்கலாமா? அதே உடன்படிக்கையின்படி, உள்நாட்டு விதியை மீறியது எதிர்த்தரப்புக்கும் பளிச்சென்று தெரியும் அளவுக்கு வெளிப்படையாகவும் அடிப்படை முக்கியத்துவம் உள்ளதாகவும் இருந்தால் மட்டுமே அந்த வாதம் எடுபடும். நம் உச்ச நீதிமன்றமே ஒரு சமயம் பெருபாரி என்றும் இன்னொரு சமயம் கட்ச் என்றும் சொன்ன விஷயத்தை, கொழும்புக்குப் பளிச்சென்று தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்வது கஷ்டம். எனவே தமிழ்நாடு வழக்கில் வென்றால்கூட, அதன் விளைவு டெல்லிக்கும் சென்னைக்கும் இடையில்தான். தீவு தானாகத் திரும்பி வராது. 2014இல் அன்றைய அட்டர்னி ஜெனரல் முகுல் ரோத்தகி, தீவைத் திரும்பப் பெறப் போர்தான் தொடுக்க வேண்டும் என்று நீதிமன்றத்தில் சொன்னது கரடுமுரடான பேச்சுதான். உள்ளே இருக்கும் சட்டக் கருத்து தப்பில்லை.

பேசி மாற்றக்கூடியது 1976 கடிதம். மீன்பிடி உரிமை, உரிமம், நாள் கணக்கு ஆகியவற்றை இரு அரசுகளும் புதிய உடன்பாட்டால் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அந்தப் பேச்சில் எதிரே உட்கார்ந்திருப்பது சிங்கள அரசு மட்டுமல்ல, யாழ்ப்பாணத்துத் தமிழ் மீனவர்களும்தான். அவர்களின் முதல் புகார் நம் இழுவைமடிப் படகுகளைப் பற்றியது. இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டப்படி தடை செய்துவிட்டது. தீவை மீட்டாலும் அந்தப் பிரச்சினை அப்படியே இருக்கும். மேடையில் இதைச் சொல்ல எந்தக் கட்சிக்கும் ஆசையில்லை.

மாநிலத்துக்கு என்ன இருக்கிறது?

சட்டத்தில், எதுவும் இல்லை. 2009 ஆகஸ்டில் ஆசியான் நாடுகளுடன் இந்தியா சரக்கு வர்த்தக ஒப்பந்தம் செய்தபோது, ரப்பர், மிளகு விவசாயிகள் நொடித்துப்போவார்கள் என்று கேரள அரசு கடுமையாக எதிர்த்தது. விவசாயம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஒப்பந்தம் நிற்கவில்லை.

அரசியலில் நிறைய இருக்கிறது. 2011 செப்டம்பரில் மன்மோகன் சிங் டாக்கா புறப்படும் நேரத்தில், தீஸ்தா நதிநீர்ப் பங்கீட்டை ஏற்க முடியாது என்று மம்தா பானர்ஜி பயணத்திலிருந்தே விலகினார். பிரிவு 253 இருந்தும், கூட்டணிக் கணக்கு ஒப்பந்தத்தை நிறுத்தியது. அதன் பிறகு கூட்டணி தேவைப்படாத அரசு வந்தும் அது கையெழுத்தாகவில்லை. 1996இல் நேர்மாறு: ஜோதி பாசு முன்னின்று உதவியதால் கங்கை நீர் ஒப்பந்தம் எளிதாக முடிந்தது. 2013 நவம்பரில் கொழும்பு காமன்வெல்த் மாநாட்டுக்கு மன்மோகன் சிங் போகாமல் இருந்ததில் தமிழ்நாட்டின் அழுத்தத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இந்தச் செல்வாக்கு மக்களவையில் எத்தனை எம்.பி.க்கள் கையில் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஏறும், இறங்கும். உரிமை என்று அதைச் சொல்ல முடியாது.

வெளியே எப்படி?

அமெரிக்காவில் செனட்டின் மூன்றில் இரண்டு பங்கு சம்மதம் வேண்டும். முதல் உலகப் போருக்குப் பின் அதிபர் வில்சனே பேசி முடித்த வெர்சாய் ஒப்பந்தத்தைச் செனட் ஏற்கவில்லை. அதற்கப்புறம் அங்கே அதிபர்கள் செனட்டைச் சுற்றிப் போகும் நிர்வாக உடன்பாடுகளை அதிகம் நம்புகிறார்கள். பிரிட்டனில் 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒப்பந்தத்தை 21 அமர்வு நாட்கள் நாடாளுமன்றத்தில் வைத்த பிறகே ஏற்புறுதி தரலாம். பிரான்சின் முறை நமக்கு நேரடியாகத் தெரியும். புதுச்சேரி நடைமுறையில் நம்மிடம் வந்தது 1954 நவம்பர் 1. ஒப்பந்தம் 1956. பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டு சட்டப்படி கைமாறியது 1962 ஆகஸ்ட் 16.

அரசமைப்பைத் திருத்தாமலே செய்யக்கூடியது

மாநிலங்களுக்கு மறுப்பதிகாரம் வேண்டும் என்ற கோரிக்கையை நான் ஏற்கவில்லை. இருபத்தெட்டு மாநிலங்களும் தடுக்கக்கூடிய வெளியுறவு, வெளியுறவாகவே இருக்காது. ஆனால் நாடாளுமன்றத்துக்கு வேலையே இல்லாத இன்றைய நிலையும் சரியில்லை. இதைச் சரிசெய்ய அரசமைப்பைத் தொட வேண்டியதில்லை. 14ஆவது இனத்தின்கீழ் சாதாரணச் சட்டம் ஒன்று போதும். அரசமைப்பின் செயல்பாட்டை ஆராய்ந்த தேசிய ஆணையத்துக்காக 2001இல் தயாரான கலந்தாய்வு அறிக்கை இதைத்தான் விவாதித்தது. மாநில நலனைத் தொடும் ஒப்பந்தங்களில் மாநிலங்களைக் கலந்துகொள்ள வேண்டும் என்று 2010இல் ஒன்றிய-மாநில உறவுகளை ஆராய்ந்த பூஞ்சி ஆணையமும் சொன்னது.

பேச்சுவார்த்தை ரகசியமாக நடக்க வேண்டும், வேகம் வேண்டும் என்பது அரசின் வழக்கமான பதில். பேசும்போது ரகசியம் இருக்கட்டும். கையெழுத்துக்கும் ஏற்புறுதிக்கும் இடையில், வாசகம் எப்படியும் வெளிவந்துவிட்ட நிலையில், நாடாளுமன்ற நிலைக்குழுவின் முன் வைப்பதால் எந்த ரகசியமும் போகாது. ஒரு கட்சி எதிர்க்கட்சி வரிசையில் இருக்கும்போது இந்தச் சட்டத்தைக் கேட்கிறது, ஆட்சிக்கு வந்ததும் மறந்துவிடுகிறது. வங்கதேச எல்லை மசோதாவை 2013இல் எதிர்த்த பாஜகவே 2015இல் அதை நிறைவேற்றியது. அதில் தப்பில்லை. ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளில் நடந்த விவாதம் பெருபாரித் தீர்ப்பு கட்டாயப்படுத்தியதால்தான் நடந்தது.

அடுத்த சோதனை தொலைவில் இல்லை. 1996 டிசம்பர் 12 அன்று கையெழுத்தான கங்கை நீர் ஒப்பந்தத்துக்கு ஆயுள் 30 ஆண்டுகள். 2026 டிசம்பரில் முடிகிறது. இரு தரப்பும் சம்மதித்தால் புதுப்பிக்கலாம் என்று அதிலேயே இருக்கிறது. ஃபராக்கா அணையில் ஜனவரி முதல் மே வரை யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்பதைப் பற்றிய அந்த முடிவுக்கு, இன்றைய விதிகளின்படி, மேற்கு வங்கச் சட்டமன்றத்தின் ஓட்டும் வேண்டாம், மக்களவையின் ஓட்டும் வேண்டாம்.